ஒரு மணி நேர ஆட்டம்

பெரியவன் போய் எழுபத்தொரு நாள் ஆகிறது. அழுது ஓய்ந்த வீடு என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். அவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார்கள்.

அவன் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அவன் மனைவி, அண்ணி, பை நிறைய எடுத்துப் போய், ஒன்றைக்கூடக் கொடுக்க மனசு வராமல் அப்படியே திரும்பி வந்ததைப் போன வாரம் பார்த்தோம். சின்னவன் அண்ணி வீட்டுத் தெருப் பக்கமே தலைகாட்டாமல் நழுவுவதையும் பார்த்தோம். இன்று வெள்ளிக்கிழமை. நாம் இருப்பது கண்ணாடிக்காரியின் பின்னறையில்.

கண்ணாடிக்காரி இருவருக்கும் நடுவில் பிறந்தவள். பெரியவனுக்குத் தங்கை, சின்னவனுக்கு அக்கா. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் விளிம்பைத் தேய்த்து, பிரேமில் பொருத்திக் கொடுப்பது பதினொரு வருட வேலை. ஒரு இழை கூடினால் லென்ஸ் உட்காராது, ஒரு இழை குறைந்தால் கழன்று விழும். அதனால் எதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் குணம் அவளுக்கு வந்துவிட்டது. அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் பெரியவன் அவளை பில்லியர்ட்ஸ் லீக்கில் இழுத்துவிட்டான்.

"எண்ணைப் பார்த்தா உனக்குக் கண்ணு கூசாது. நீயே முடிவுகளை எழுது" என்றான். அவளுக்கு கியூக் குச்சியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அப்போது தெரியாது. ஐந்து வருடமாக அவள்தான் முடிவுச் செயலாளர்.

சம்பளம் கிடையாது. வாராவாரம் திட்டு மட்டும் கிடைக்கும்.

பத்தொன்பது பேர், ஐந்து ஹால். ஒரு ஆட்டம் சரியாக ஒரு மணி நேரம். மணி அடித்ததும் யார் கணக்கில் புள்ளி அதிகமோ அவருக்கு வெற்றி. மற்ற இடங்களில் புள்ளி குறிக்கும் மார்க்கர் மொத்தத்தை மட்டும் எழுதுவார். இந்த லீக்கில் ஒவ்வொரு அடியையும் தாளில் எழுத வேண்டும். என்றைக்கோ இரண்டு பேர் பதினொரு புள்ளிக்காக ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்ததிலிருந்து இந்த ஏற்பாடு.

இன்று மாலை நாலரைக்குள் பருவ முடிவுகள் வட்டாரப் பத்திரிகைக்குப் போய்ச் சேர வேண்டும். லீக் தலைவர் காலையிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டார். மதிய இடைவேளையில் கண்ணாடிக்காரி லென்ஸ் தட்டுகளை ஒதுக்கிவிட்டு எழுத உட்கார்ந்தாள்.

முதலிடம் பேக்கரிக்காரர், பதினைந்து வெற்றி. இரண்டாமிடம் சின்னவன், பதினாலு. கடைசி வாரத்தில் தபால்காரர் பல் டாக்டரை 188-க்கு 185 என்று மூன்றே புள்ளியில் கவிழ்த்தார். டாக்டர் இன்னும் மணி சீக்கிரம் அடித்துவிட்டது என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறார். கடைசி இடம் தீயணைப்புக்காரர். பருவத்தின் நடுவில் வந்து சேர்ந்த மனிதர், ஒரே ஒரு வெற்றி.

அந்த ஒரே வெற்றியும் சின்னவன் கொடுத்தது. ஆடியே இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஜெயித்திருப்பான், பேக்கரிக்காரரோடு முதலிடத்தில் சமமாக நின்றிருப்பான். ஹாலுக்கே போகாமல் வாக்ஓவர் கொடுத்துவிட்டான். அண்ணன் போன துக்கம் என்று எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். ஆனால் அதே வாரத்தில் வேறு இரண்டு பேரை வெளுத்து வாங்கியிருக்கிறான். துக்கம் ஆள் பார்த்தா வரும்?

"தீயை அணைச்சாரோ இல்லையோ, சின்னவனை அணைச்சுட்டார்" என்று ஹாலில் ஒரு வாரம் சிரித்தார்கள்.

அடுத்த வரி பெரியவனுக்கு. ஒன்பது ஆட்டம், ஏழு வெற்றி. ஒரே மூச்சில் தவறவிடாமல் எடுத்த புள்ளியைத்தான் பிரேக் என்பார்கள். இந்தப் பருவத்தின் பெரிய பிரேக் அவனுடையது, தொண்ணூற்று மூன்று. அதற்கு ஒரு கோப்பை உண்டு. ஞாயிற்றுக்கிழமை அதை அண்ணி கையில் கொடுக்கப் போகிறார்கள்.

போன் அடித்தது. அண்ணி.

"என்னம்மா, எழுதிட்டியா?"

"எழுதிட்டே இருக்கேன் அண்ணி."

"நாலு மணிக்கு லாண்டிரியில விட்டுடுவாங்க. நேரா அங்க வந்துடறேன். எனக்கு ஒரு பிரதி வேணும். அவர் பேர் இருக்கற இடத்தை வெட்டி போட்டோவுக்குக் கீழ வெக்கணும்."

"பத்திரிகையிலயே வருமே அண்ணி."

"அதுக்கு மூணு நாளாகும். எனக்கு இன்னைக்கே பார்க்கணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "அன்னைக்குக் கூட ஜெயிச்சிட்டுத்தானே வந்தார். அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல். மத்ததெல்லாம் நான் பண்ணின பாவம்."

என்ன சொன்னாலும் அண்ணி அங்கேதான் வந்து நிற்பாள். அந்த வியாழக்கிழமை ஆட்டம் நாலு மணியிலிருந்து ஐந்து வரை. சின்னவன்தான் தன் டயர் கடை வேனில் அண்ணனைக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தான். வீட்டுக்கு வந்தபோது பெரியவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். வாயுப் பிடிப்பு என்று நினைத்து அண்ணி சோடா வாங்கிக் கொடுத்து முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறேகாலுக்கு அவன் சாய்ந்தான். ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார்.

அந்த ஒரு மணி நேரத்தைத்தான் அண்ணி எழுபத்தொரு நாளாகச் சுமந்துகொண்டிருக்கிறாள். பெட்டிக்கடையில் சோடா பாட்டிலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

முடிவுகளோடு ஒவ்வொரு ஆட்டத்தின் தாளையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்க வேண்டும். பெரியவனின் கடைசித் தாளைக் கண்ணாடிக்காரி இதுவரை முழுதாகப் பார்த்ததே இல்லை. வந்தபோது மொத்தத்தை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டாள்: 161-க்கு 97. பிறகு மடித்துக் கோப்புக்கு அடியில் வைத்துவிட்டாள். பார்க்கத் தைரியம் இல்லை. இன்றைக்குப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பிரித்தாள். படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

2 2 2 2 2 3. 2 2 2 2 2 3. 2 2 2.

பில்லியர்ட்ஸ் தெரியாதவர்களுக்கு இரண்டே வார்த்தை. தன் பந்தால் மற்ற இரண்டு பந்தையும் தொட்டால் கேனன், இரண்டு புள்ளி. சிவப்பில் பட்டுத் தன் பந்து குழியில் விழுந்தால் இன்-ஆஃப், மூன்று புள்ளி. பெரியவன் இன்-ஆஃப்காரன். கேனன் கைக்கு எதிரே வந்து நின்றாலும் தொட மாட்டான். "ரெண்டுக்கு ஆசைப்பட்டு மூணைக் கெடுப்பானா மனுஷன்?" என்பான். அவன் தாள் எப்போதும் மூன்று மூன்றாகத்தான் போகும். ஐந்து வருடமாகப் பார்க்கிறாளே, தங்கைக்குத் தெரியாதா?

உடம்பு முடியாதவன் அன்றைக்கு வேறு மாதிரி ஆடியிருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் அல்லவா, அவளும் ஒரு சாக்குத் தேடினாள். ஆனால் ஐந்து இரண்டு, பிறகு ஒரு மூன்று, மறுபடி ஐந்து இரண்டு. இந்த நடை அவளுக்குத் தெரிந்த நடை. சின்னவனின் தாள்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அச்சு அசல்.

தாளின் தலைப்பைப் பார்த்தாள். எதிர் ஆட்டக்காரர்: தீயணைப்புக்காரர்.

அவருக்கு அது லீக்கில் முதல் ஆட்டம். அண்ணன் யார், தம்பி யார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இரண்டு வாரம் கழித்து சின்னவன் தன் ஆட்டத்துக்குப் போய் அவர் முன்னால் நின்றிருந்தால், நீதானே பெரியவன் என்று கேட்டிருப்பார். அதனால்தான் போகவில்லை. முதலிடத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டில் இருந்துகொண்டான்.

கண்ணாடிக்காரி தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். முதலாளியிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு நடந்தாள்.

டயர் கடையில் சின்னவன் தண்ணீர்த் தொட்டிக்குள் ட்யூபை அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

"டேய், ஒரு நிமிஷம் வா."

"கஸ்டமர் நிக்கறார்க்கா."

"நிக்கட்டும்."

வேன் நிற்கிற பின்பக்கத்துக்குப் போனார்கள். அதே வேன்தான். அவள் தாளை நீட்டினாள்.

"இது யார் ஆடினது?"

"மேல எழுதியிருக்கே. அண்ணன்."

"அண்ணன் கேனன் ஆடுவானா?"

அவன் தாளை வாங்கவில்லை. ஈரக் கையைப் பேன்ட்டில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"ஹால் வாசல்ல நிறுத்தினதும் நெஞ்சைப் பிடிச்சான்" என்றான். "வாயுதான்னு அவனே சொன்னான். ஏற்கெனவே ரெண்டு தடவை வரலை, லிஃப்ட் மெக்கானிக் வேலை, யாரோ உள்ள மாட்டிக்கிட்டாங்கன்னு போயிட்டான், உனக்குத் தெரியும். மூணாவது தடவையும் வரலைன்னா பேரையே எடுத்துடுவாங்க, தொண்ணூத்தி மூணும் போயிடும்னான். நீ போய் ஆடுடா, அந்த ஆளுக்கு நம்மளத் தெரியாதுன்னான்."

"மார்க்கருக்குத் தெரியாதா?"

"அன்னைக்கு அவர் லீவு. அவர் மருமகன் உட்கார்ந்து எழுதினார்."

எல்லாம் எவ்வளவு ஒழுங்காகக் கூடி வந்திருக்கிறது பாருங்கள். நல்ல காரியத்துக்கு இப்படி ஒரு நாள் வாய்க்குமா?

"ஒரு மணி நேரம் அவன் வேன்லயா இருந்தான்?"

"சீட்டைச் சாய்ச்சு படுத்திருந்தான்."

"நடுவுல போய்ப் பார்த்தியா?"

சின்னவன் தரையைப் பார்த்தான். "ஜன்னல் வழியா ஒரு தடவை பார்த்தேன். கையைக் காட்டினான்."

"வான்னு காட்டினானா, போன்னு காட்டினானா?"

"போய் ஆடுன்னுதான் காட்டறான்னு நெனச்சேன்."

"நெனச்சே."

"கை நல்லா ஓடிட்டு இருந்துதுக்கா" என்றான் மிகவும் சின்னக் குரலில். "அம்பத்தெட்டுல நின்னுட்டு இருந்தேன். அந்த ஒரு கேனன் முடிச்சிட்டுப் போலாம்னு நெனச்சேன். அப்புறம் இன்னொண்ணு இருந்துது."

அவள் தாளைப் பார்த்தாள். அந்த பிரேக் அதில் இருந்தது. அம்பத்தெட்டுக்குப் பிறகு ஏழு அடி. ஒன்றுகூடத் தவறவில்லை. மார்க்கர் மருமகனின் கையெழுத்து வேறு முத்து முத்தாக இருந்தது.

"வீட்டுக்கு வந்ததும் அண்ணி கேட்டாங்களே, எப்ப இருந்து வலின்னு."

"இப்பதான், வழியிலதான்னு சொன்னேன்."

"அண்ணன்?"

"என்னைப் பார்த்தான். அவனும் ஆமான்னு தலையாட்டிட்டான்."

"டாக்டர்கிட்ட?"

"அதையேதான்."

அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் கை வரவில்லை. முன்பக்கத்தில் கஸ்டமர் ஹாரன் அடித்தார்.

"அண்ணி சோடா பாட்டிலைப் பார்க்க மாட்டேங்கறாங்கடா. தான்தான் கொன்னுட்டோம்னு நெனச்சிட்டு இருக்காங்க. தெரியுமா உனக்கு?"

"தெரியும். அந்தப் பக்கம் வர முடியாம இருக்கறதே அதுக்குத்தானே."

"வராம இருந்துட்டா ஆச்சா?"

"என்ன பண்ணச் சொல்றே?" முதல்முறையாக நிமிர்ந்தான். "அப்படியே அனுப்பிடுக்கா. யாருக்கு என்ன கெட்டுப் போச்சு? அந்தக் கோப்பையை அண்ணி கையில குடுத்துடு. அண்ணன் கேட்டது அது ஒண்ணுதான். அதுக்காகத்தான் படுத்திருந்தான். அதையும் புடுங்கிட்டா அவன் செத்ததுக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும்."

அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை.

"பேரை எடுத்தா கோப்பை யாருக்குப் போகும், தெரியும்ல?"

"தெரியும். அடுத்தது எண்பத்தெட்டு. என்னுது." வாயைக் கோணிக்கொண்டான். "நான் அதைத் தொட மாட்டேன்."

"நாலு மணிக்கு அண்ணி கடைக்கு வராங்க. நீயும் வரே."

"என்னால முடியாது."

"ஒரு மணி நேரம் நின்னு ஆட முடிஞ்சுதுல்ல, வா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

மூன்றேகாலுக்குத் தலைவர் நான்காவது முறையாக போன் செய்தார். "என்னம்மா, மேல் வரிசையில ஏதாவது சிக்கலா?" என்று கேட்டார். மேல் வரிசையில் ஒரு சிக்கலும் இல்லை. பெரியவனை ஜெயித்த இரண்டு பேரும் நடு வரிசைக்காரர்கள். அவன் பெயர் இருந்தாலும் எடுத்தாலும் பேக்கரிக்காரர்தான் முதல். முதல் இடங்களில் ஒருவருக்கும் ஒரு மயிரிழை மாற்றம் இல்லை. மாறப்போவது ஒரு வீட்டில் மட்டும்.

அவள் இரண்டு தாள் எழுதினாள். ஒன்றில் அவன் பெயர் இருந்தது. இன்னொன்றில் இல்லை. இரண்டையும் லென்ஸ் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

பெயர் உள்ளதை அனுப்பினால் அண்ணி ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் கோப்பை வாங்குவாள், வீட்டுக்கு வந்து அதைப் பார்த்துப் பார்த்து அந்த ஒரு மணி நேரத்தைச் சாகும்வரை சுமப்பாள். இல்லாததை அனுப்பினால், ஆறு வருடமாக வாராவாரம் வந்துகொண்டிருந்த பெயரைத் தங்கையே எடுத்தாள் என்று ஊர் பேசும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஊர் கிடக்கட்டும். இந்தப் பருவத்தில் அவன் உயிரோடு இருந்ததற்கு வேறு என்ன அடையாளம் இருக்கிறது?

எழுபத்தொரு நாள் இந்தத் தாள் கோப்புக்கு அடியில் கிடந்தது. அன்றைக்கே பிரித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அண்ணி சுமந்ததில் தன் பங்கும் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் மனசு கொஞ்சம் திடப்பட்டது.

பெயர் உள்ள தாளை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டாள். மற்றதில், அடியில் எழுதினாள்: மூன்று முறை ஆட வராததால் ஒருவர் பெயர் விதிப்படி நீக்கப்பட்டது. பெரிய பிரேக் கோப்பை என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றது. தம்பி பெயரை அங்கே எழுதக் கை மறுத்துவிட்டது. அதை மட்டும் காலியாக விட்டாள்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே அண்ணி வந்துவிட்டாள். லாண்டிரியின் நீராவி முகத்தில் இன்னும் சிவப்பாக இருந்தது. கையில் ஒரு கவர், கவருக்குள் கத்தரிக்கோல். வீட்டிலிருந்தே எடுத்து வந்திருக்கிறாள்.

"வளைஞ்சு போகாம வெட்டணும்னு நல்ல கத்தரியா கொண்டு வந்தேன்" என்றாள். "ஏம்மா முகம் ஒரு மாதிரி இருக்கு? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அண்ணி. உட்காருங்க."

அப்போது வாசலில் சின்னவன் வந்து நின்றான். கையை நன்றாகக் கழுவியிருந்தான். நகக்கண்ணில் மட்டும் கறுப்பு போகவில்லை.

அண்ணியின் முகம் மலர்ந்தது. இரண்டு மாதத்துக்கு மேலாகப் பார்க்காத கொழுந்தன். "தம்பி, வந்துட்டீங்களா? உள்ள வாங்க. ஞாயித்துக்கிழமை நீங்களும் என்கூட மேல வரணும். ஜெயிச்ச அன்னைக்குக் கூட இருந்தவர் நீங்கதான்."

அவன் உள்ளே வந்தான். உட்காரவில்லை.

கண்ணாடிக்காரி தாளை அண்ணியிடம் கொடுத்தாள். அண்ணி ஆள்காட்டி விரலை மேலே வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கினாள். பேக்கரிக்காரர், சின்னவன், தபால்காரர். அடிவரைக்கும் போய்விட்டு விரல் மறுபடி மேலே வந்தது. இரண்டாவது முறை இன்னும் மெதுவாக இறங்கியது.

"இதுல அவர் பேர் இல்லையே" என்றாள். "விட்டுப் போச்சா?"

கண்ணாடிக்காரி தம்பியைப் பார்த்தாள். அவள் வாயைத் திறக்கப் போவதில்லை என்று அவனுக்குப் புரிந்தது.

"விட்டுப் போகலை அண்ணி" என்றான். "மூணாவது தடவையும் அவன் ஆடலை."

"ஆடலையா? ஜெயிச்சார்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆடினது நான்."

அண்ணி அவனைப் பார்த்தாள். நாத்தனாரைப் பார்த்தாள். கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தாள். அவள் கோபப்படவில்லை, அழவுமில்லை. அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அப்போ அந்த ஒரு மணி நேரம் அவர் எங்க இருந்தார்?"